தலைமுடியைப் பார்த்து ஏமாந்தேன்: தி லிவிங் எண்ட்

இந்த பேண்டை நான் முதலில் சந்தித்தது ஒரு வீடியோ கேமில். 2008-ல் வந்த ‘கிட்டார் ஹீரோ வேர்ல்ட் டூர்’. பிளாஸ்டிக் கிட்டாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, திரையில் கொட்டிக்கொண்டே வரும் வண்ணப் பொட்டுகளை விரலால் துரத்திக்கொண்டிருந்தபோது ‘பிரிசனர் ஆஃப் சொசைட்டி’ வந்தது. மூன்று முறை தோற்றேன். நான்காவது முறை எப்படியோ கரையேறிவிட்டு அந்தப் பாட்டை அத்தோடு மறந்தும் போனேன். யாரோ ஒரு பையன், பெரியவர்கள் சொல்வதையெல்லாம் கேட்க மாட்டேன் என்று மூச்சுவிடாமல் கத்துகிறான். யார் என்று தேடிப் பார்த்தால் மேலே தூக்கி வாரிய முடி, 50-களின் உடுப்பு, வயலினைப் பெரிதாக்கினது போன்ற ஆளுயர டபுள் பாஸ். சரி, வேஷம் கட்டிய கோஷ்டி என்று முடிவுகட்டிவிட்டேன். அந்த முடிவைத் திருத்திக்கொள்ள எனக்குச் சில வருஷங்கள் ஆயின, அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பேண்டின் பெயர் தி லிவிங் எண்ட். ஊர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன். மூன்றே பேர். கிறிஸ் செனி கிட்டாரும் பாட்டும், ஸ்காட் ஓவன் டபுள் பாஸ், டிரம்ஸில் முதலில் ஒருவர், பிறகு ட்ராவிஸ் டெம்சி, 2002-லிருந்து ஆண்டி ஸ்ட்ராகன். செனியும் ஓவனும் பள்ளிக்காலத்து நண்பர்கள். அமெரிக்காவின் ஸ்ட்ரே கேட்ஸ் பேண்ட் மீது பைத்தியமாக இருந்து, அவர்களுடைய ஒரு பாட்டின் பெயரையே எடுத்து ‘தி ரன்அவே பாய்ஸ்’ என்று வைத்துக்கொண்டு ராக்கபில்லி என்கிற 50-களின் அமெரிக்கத் துள்ளல் ராக் பாட்டுகளை வாசித்துத் திரிந்தவர்கள். பழைய பாட்டையே எத்தனை நாள் வாசிப்பது என்று தோன்றி, சொந்தமாக எழுத ஆரம்பித்ததும் 1994-ல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். வேகமும் கோபமுமான பங்க் ராக் வாசிக்கும் அமெரிக்க பேண்டான கிரீன் டேவுக்குத் தங்கள் டேப்பையும் ஒரு டி-ஷர்ட்டையும் அனுப்பிவைத்து, அதன் பலனாக 1996-ல் அவர்களுடைய ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் அவர்களுக்கு முன்னால் மேடையேறும் தொடக்க பேண்டாக வாசிக்கும் வாய்ப்பைப் பிடித்தார்கள். தபாலில் ஒரு டி-ஷர்ட் அனுப்பி வாழ்க்கை மாறிய கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இங்கே ஒரு கேள்வி நியாயமாக வரும். 1998-ல் முதல் ஆல்பமே சொந்த நாட்டில் நம்பர் 1. 2006-ல் ‘ஸ்டேட் ஆஃப் எமர்ஜென்சி’யும் நம்பர் 1. இப்படிப்பட்ட பேண்டைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அதைத்தான் சொல்கிறேன். விற்பனையில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. எதற்காக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் கோளாறு. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இவர்களைத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், “ஆமாம், அந்த டபுள் பாஸ் மேல ஏறி நிப்பாங்களே” என்பார்கள், அல்லது அந்த வீடியோ கேம் பாட்டைச் சொல்வார்கள். துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றி இவர்கள் எழுதிய பாட்டை ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

அரசியலுக்குப் போவதற்கு முன்னால் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும், ஏனென்றால் என் கணக்கில் இந்த பேண்டின் அரசியல் அதன் சத்தத்திலேயே தொடங்கிவிடுகிறது.

1954-ல் மெம்பிஸில் சன் ஸ்டுடியோவில் எல்விஸ் பிரெஸ்லி முதல் சிங்கிளைப் பதிவு செய்தபோது அங்கே டிரம்ஸ் கிடையாது. எல்விஸ், கிட்டாரில் ஸ்காட்டி மூர், டபுள் பாஸில் பில் பிளாக், அவ்வளவுதான். தாளத்துக்கு ஆள் இல்லாத குறையை பிளாக்கின் கைதான் தீர்த்துவைத்தது. கம்பியை வெளிப்பக்கமாக இழுத்து விட்டால் அது விரல் பலகையில் ‘டக்’கென்று மோதும், அடுத்த நொடியே உள்ளங்கையால் கம்பிகள் மேல் ஓர் அடி, மறுபடி ஓர் இழுப்பு. நரம்பு வாத்தியம் பாதி, தாள வாத்தியம் பாதி. இதைத்தான் ஸ்லாப் என்கிறார்கள், ராக்கபில்லியின் உயிர்நாடியே இந்த டக்-டக்தான். பணம் இல்லாத, ஆள் இல்லாத ஒரு சின்ன கோஷ்டி இருக்கிற மரப்பெட்டியையே அடித்து டிரம்ஸாக்கிக்கொண்ட கதை என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன், இசை ஆராய்ச்சியாளர்கள் என்னுடன் சண்டைக்கு வரலாம், பரவாயில்லை.

ஓவன் அதே வேலையை பங்க் வேகத்தில் செய்கிறார். கேட்க எளிதாக இருக்கிறது, கையை நினைத்துப் பார்த்தால் வலிக்கிறது. பக்கத்தில் டிரம்ஸ் வேறு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, இவருடைய டக்-டக் அதற்குள் ஊசி நூல் மாதிரி ஏறி இறங்கி எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்கிறது. மூன்று பேர் பேண்டில் பொதுவாக ஒரு சிக்கல் உண்டு. கிட்டார்காரர் தனி ஆவர்த்தனத்துக்குப் போன உடனே பின்னால் ஒரு பள்ளம் விழுந்துவிடும், நிரப்ப இன்னொரு கிட்டார் இருக்காது. இவர்களிடம் அந்தப் பள்ளம் விழுவதே இல்லை, ஸ்லாப் அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது. செனி கையில் இருப்பதோ கிரெட்ச் கிட்டார், உள்ளே கூடான வகை. சத்தத்தைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து ஊளையிடும் சுபாவம் அதற்கு உண்டு. அதைக் கட்டி மேய்த்துக்கொண்டே பங்க் சத்தத்துக்குக் கொண்டுபோய், நடுவில் ஜாஸ் வாடையடிக்கும் விரலோட்டத்தையும் விட்டுவிட்டு வருகிறார். இந்த மனுஷன் எவ்வளவு நன்றாக வாசிக்கிறார் என்பதைப் பற்றி மட்டும் தனியாக ஒன்று எழுதலாம், ஆனால் அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சரி, அரசியல். ராக்கபில்லி என்று சொன்னதும் பழைய கார், புள்ளி போட்ட பாவாடை, சீப்பு என்று ஒரு படம் கண்முன் வரும். பங்கோடு கலந்து பிறந்த அதன் தம்பி சைக்கோபில்லியிலோ பேய், பிணம், கல்லறை. 80-களில் லண்டன் ஹேமர்ஸ்மித்தில் கிளப் ஃபுட் என்ற இடத்தைச் சுற்றி வளர்ந்த அந்தக் கூட்டத்தில் அரசியல் பேசாமல் இருப்பதே கிட்டத்தட்ட ஒரு கொள்கையாக இருந்தது. ஒரு பக்கம் வலதுசாரிகள், இன்னொரு பக்கம் இடதுசாரிகள் என்று பங்க் மேடைகள் அடிதடியாகிக்கொண்டிருந்த காலத்தில் அந்த ஒதுக்கத்துக்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம், எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் விளைவு, டபுள் பாஸைப் பார்த்தாலே இவர்கள் உலகத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடும் பழக்கம். நானும் அதைத்தான் செய்தேன்.

இத்தனைக்கும் இந்த இரண்டையும் சேர்க்கிற வழி ஏற்கெனவே போட்டுவைத்ததுதான். 1979-ல் பிரிட்டிஷ் பங்க் பேண்டான தி க்ளாஷ் ‘லண்டன் காலிங்’ ஆல்பத்தின் அட்டையை எல்விஸின் முதல் ஆல்பத்தின் எழுத்து வடிவத்திலேயே செய்தார்கள், உள்ளே ஒரு பழைய ராக்கபில்லிப் பாட்டையும் வாசித்தார்கள். ஸ்ட்ரே கேட்ஸ்கூட 1981-ல் முதல் ஆல்பத்தில் தெஹ்ரான் தூதரகப் பணயக்கைதி விவகாரத்தைப் பற்றி ஒரு பாட்டு வைத்திருந்தார்கள், அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். தி லிவிங் எண்ட் செய்தது இந்த வழியில் ஒன்றிரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பாமல் அதிலேயே குடியேறியது.

முதல் ஆல்பத்துக்கு வருவோம். பெயரும் பேண்டின் பெயர்தான். இதன் முதல் பாட்டு அந்த ‘பிரிசனர் ஆஃப் சொசைட்டி’. 1997-லேயே சிங்கிளாக வந்து ஆஸ்திரேலியப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை போய், மாதக்கணக்கில் இறங்காமல் உட்கார்ந்திருந்த பாட்டு. நல்ல பாட்டுதான், மறுக்கவில்லை. 17 வயதில் கேட்டால் உடம்பில் மின்சாரம் ஓடும். 30-க்கு மேல் கேட்டால் லேசாகச் சிரிப்பு வரும். சமூகத்தின் கைதி நான் என்கிறான், சரி, எந்தச் சமூகம், யார் பூட்டினார்கள், என்ன செய்தார்கள், ஒன்றும் இல்லை. பேண்டின் ஆகப் பெரிய வெற்றி அவர்கள் எழுதியதிலேயே ஆகப் பொதுவான கோபமாக அமைந்துவிட்டது. அந்த வெற்றியின் நிழலில்தான் மற்றவை எல்லாம் வாடின என்பது என் குற்றச்சாட்டு.

அதே ஆல்பத்தில் கொஞ்சம் தள்ளிப் போனால் ‘ஆல் டார்ன் டவுன்’ இருக்கிறது. இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊரை இடித்துத் தள்ளுவதைப் பற்றிய பாட்டு. பழைய கட்டடங்கள் போகின்றன, அந்த இடத்தில் புதிது வருகிறது, வளர்ச்சி என்கிறார்கள், ஆனால் நடந்து பழகிய தெருவே அடையாளம் தெரியாமல் போகிறது. மெல்போர்ன்காரர்களுக்கு இது கற்பனை அல்ல. வீலன் தி ரெக்கர் என்று ஓர் இடிப்பு நிறுவனமே அங்கே ஊர் முழுக்கப் பிரபலமாக இருந்தது, வேலை நடக்கும் இடத்தில் ‘வீலன் தி ரெக்கர் இஸ் ஹியர்’ என்று பலகை மாட்டிவிட்டுத்தான் இடித்தார்கள். கட்டடத்துக்கு மரணச் சான்றிதழ் எழுதி வாசலில் தொங்கவிடுவது போல. இந்தப் பாட்டு வந்த காலமோ மாநில முதல்வர் ஜெஃப் கென்னட்டின் ஆட்சிக்காலம், 1992 முதல் 1999 வரை. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் மின்சாரத்திலிருந்து பலதும் தனியார் கைக்குப் போனது, 300-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் மூடப்பட்டன, நகரத்தில் ஒரு பக்கம் பிரம்மாண்டமான கேசினோ எழுந்தது. பாட்டில் இந்தப் பெயர்கள் எதுவும் வருவதில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை, அந்த ஊரில் அந்த வருஷத்தில் இருந்தவர்களுக்கு யார் எதை இடித்தார்கள் என்று தெரியும்.

இசையைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். சரணங்களில் கிட்டார், ஜமைக்காவில் பிறந்த ஸ்கா இசையின் பாணியில் எதிர்த்தாளத்தில் வெட்டி வெட்டி விழுகிறது, கோரஸில் எல்லாம் திறந்துகொண்டு பாய்கிறது, பிறகு நீளமான கிட்டார் ஓட்டம். 40 வருஷத்துக்கு முந்தைய வாத்தியத்தையும் வாசிப்பையும் கையில் எடுத்துக்கொண்டு, பழையதை இடிக்காதீர்கள் என்று ஒருவன் பாடுகிறான் என்றால் அவனுடைய பழைய காலத்துத் தோற்றத்தை வேஷம் என்று எப்படிச் சொல்வது? அதுவரை எனக்குத் தலைமுடியாகவும் உடுப்பாகவும் தெரிந்தது அந்த நான்கு நிமிடங்களில் வேறு ஏதோவாகிவிட்டது. வைத்துக் காப்பாற்ற வேண்டியது என்று சில விஷயங்கள் உண்டு, அதை விற்பனைக்கு விடமாட்டோம் என்று நிற்பது. கடந்தகாலத்தை நினைத்து உருகுகிறவர்கள் பொதுவாகப் பிற்போக்கு பக்கம் சாய்ந்துவிடுவார்கள், இவர்கள் அதே ஏக்கத்தை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடக்கிறார்கள். இந்த ஒரு திருப்பத்துக்காகவே இந்த பேண்டை எனக்குப் பிடிக்கும்.

அடுத்தது 2000-ல் வந்த ‘ரோல் ஆன்’. என்னைக் கேட்டால் இதுதான் அவர்களின் சிறந்த ஆல்பம், முதல் ஆல்பத்தைவிட விற்பனையில் பின்தங்கியது என்றாலும். தயாரிப்பாளர் நிக் லோனே. எண்களை 10-லிருந்து 1 வரை இறங்கு வரிசையில் தலைப்பாக வைத்து ஆஸ்திரேலிய பேண்டான மிட்நைட் ஆயில் 1982-ல் வெளியிட்ட ஆல்பத்தைத் தயாரித்தவர் இவர்தான், ஆக ஆஸ்திரேலியாவில் அரசியலையும் உரத்த கிட்டாரையும் ஒரே அறையில் எப்படி உட்காரவைப்பது என்று நன்றாகவே தெரிந்தவர். முதல் ஆல்பத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக்கொண்டு வந்த சத்தங்களுக்கு இதில் தனித்தனி இடம் கிடைத்திருக்கிறது. ஓவனின் ஒவ்வொரு அடியும் எங்கே விழுகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

ஓர் அசட்டுத்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். தலைப்புப் பாட்டான ‘ரோல் ஆன்’ ஒரு வண்டிப் பாட்டு என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வாங்கிய சிடி இரண்டாம் கை, விற்றவர் உள்ளே இருக்கவேண்டிய சின்னப் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வெறும் டப்பாவை அனுப்பியிருந்தார். செனி பாடும் வேகத்தில் பாதி வார்த்தை பிடிபடாது. ராக்கபில்லிக்காரர்கள், உருண்டு போ என்கிறார்கள், கார் இல்லாமல் வேறு என்ன? வேகமாக நடக்கும்போது கேட்க உகந்த பாட்டு என்று வைத்திருந்தேன். பிறகு ஒருநாள்தான் தெரிந்தது, அது 1998-ல் நடந்த துறைமுகத் தகராறு பற்றிய பாட்டு என்று.

அந்தத் தகராறைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் பாட்டு இரண்டு மடங்காகிவிடும். 1998 ஏப்ரல் 7 இரவு, பேட்ரிக் என்ற கப்பல் சரக்கு நிறுவனம் ஆஸ்திரேலியா முழுவதும் உள்ள தன் துறைமுகங்களில் ஏறக்குறைய 1,400 தொழிலாளர்களை ஒரே அடியாக வேலையைவிட்டு அனுப்பியது. இரவோடு இரவாகக் காவல் நாய்களோடு பாதுகாப்பு ஆட்கள் உள்ளே வந்தார்கள், சிலர் முகத்தை மூடியிருந்தார்கள். அனைவரும் கடல்சார் தொழிற்சங்கத்தின் உறுப்பினர்கள், அந்தச் சங்கத்தை உடைப்பதே நோக்கம் என்பது ஊரறிந்த ரகசியம். ஜான் ஹோவர்டின் மத்திய அரசு வெளிப்படையாக நிறுவனத்தின் பக்கம் நின்றது, தொழிலாளர் விவகாரத்துக்குப் பொறுப்பான அமைச்சர் பீட்டர் ரீத். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 1997 டிசம்பரில், துறைமுக வேலையைக் கற்றுத்தர ராணுவப் பின்னணி உள்ள ஆட்களைத் துபாய்க்கு அனுப்பும் திட்டம் ஒன்று அம்பலமாகியிருந்தது.

மெல்போர்னின் கிழக்கு ஸ்வான்சன் துறைதான் போராட்டத்தின் மையம். வாசலை மறித்து ஆயிரக்கணக்கானவர்கள் கைகோத்து நின்றார்கள். ஏப்ரல் 17 இரவு கடந்து மறுநாள் விடியும் நேரத்தில் பெரும் போலீஸ் படை அவர்களை அகற்ற வந்து நிற்கிறது. பார்த்தால் போலீஸுக்குப் பின்னாலிருந்து கட்டடத் தொழிலாளர்கள் கூட்டமாக அணிவகுத்து வருகிறார்கள். முன்னாலும் கூட்டம், பின்னாலும் கூட்டம், நடுவில் போலீஸ். கடைசியில் போலீஸ்தான் பின்வாங்கிப் போனது. ஏப்ரல் 21 மத்திய நீதிமன்றம் தொழிலாளர்களைத் திரும்ப எடுக்கச் சொன்னது, மே 4 நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமான ஹை கோர்ட்டும் அதன் சாரத்தை ஏற்றது. சங்கம் பிழைத்தது. ஆனால் பிறகு நடந்த பேச்சுவார்த்தையில் ஏறக்குறைய பாதி வேலைகள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் போய்விட்டன. வெற்றி என்றும் சொல்லலாம், தோல்வி என்றும் சொல்லலாம், இரண்டு பக்கமும் வெற்றி என்றுதான் சொன்னார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு திரும்பப் போய் அந்தப் பாட்டைக் கேட்டேன். கோரஸில் பல குரல்கள் சேர்ந்து கத்துகின்றன, பங்கில் அது வழக்கம்தான், எல்லா பேண்டும் செய்வது. ஆனால் இங்கே அந்தக் கூட்டுக் குரலுக்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறது, ஒரு வாசல், ஒரு விடியற்காலை. டபுள் பாஸின் டக்-டக் பலகையில் கட்டை அடிப்பது போல இருக்கிறது. உருண்டு போகச் சொல்வது காரை இல்லை, விடாமல் தொடர் என்கிறது. அதை நான் இவ்வளவு நாள் உற்சாகமான நடைப்பயிற்சிப் பாட்டாக வைத்திருந்ததில் வெட்கமாக இருந்தது, அப்புறம் யோசித்தால் அதுவும் பாட்டின் கெட்டிக்காரத்தனம்தான் என்று பட்டது. விஷயம் தெரியாதவனையும் கையோடு கூட்டிப்போகிறது. பிரசங்கம் செய்திருந்தால் முதல் தடவையே மாற்றியிருப்பேன்.

மிட்நைட் ஆயிலோடு ஒப்பிடாமல் ஆஸ்திரேலிய அரசியல் இசையைப் பற்றிப் பேசமுடியாது. மிட்நைட் ஆயில் மேடையேறிப் பேசுகிறவர்கள், அவர்களுடைய பாடகர் பீட்டர் காரெட் நாடாளுமன்றம் வரை போய் அமைச்சராகவும் ஆனார். நிலம், பூர்வகுடிகளின் உரிமை, அணு ஆயுதம் என்று பெரிய வரைபடம் அவர்களுடையது. தி லிவிங் எண்டின் வரைபடம் சின்னது. ஒரு தெரு, ஒரு துறைமுகம், ஒரு சனிக்கிழமை ராத்திரி, தலை கழன்ற ஒரு மாமா. ஆம், மாமா. ‘ரோல் ஆன்’ ஆல்பத்தின் கடைசியில் ‘அங்கிள் ஹாரி’ என்று ஒரு பாட்டு உண்டு, அரசியலும் கிடையாது ஒன்றும் கிடையாது, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கிறுக்கு மாமாவைப் பற்றிய கூத்து. துறைமுகத்தில் தொடங்கி மாமாவில் முடிகிற ஆல்பம். எனக்கு இந்தக் கலவை பிடித்திருக்கிறது, ஏனென்றால் போராட்டத்துக்குப் போகிறவர்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாமா இருப்பார்.

இனி குறைகள். நிறைய இருக்கின்றன.

2001-ல் செனி கிரேட் ஓஷன் ரோட்டில் கார் விபத்தில் மோசமாக அடிபட்டு வெகுநாள் படுக்கையில் கிடந்தார். அடுத்த வருஷம் டெம்சி விலகினார். அதன்பின் 2003-ல் வந்த ‘மாடர்ன் ஆர்ட்டிலரி’யில் ஏதோ ஒன்று வழவழப்பாகிவிட்டது. அமெரிக்க வானொலியைக் கண்முன் வைத்துப் பதிவு செய்தது போன்ற ஒலி. ‘ஹூ இஸ் கோன்னா சேவ் அஸ்’ என்று ஒரு பாட்டு, நம்மை யார் காப்பாற்றுவார்கள் என்ற கேள்வி. ஆஸ்திரேலியா ஈராக்குக்குப் படை அனுப்பிய வருஷம் அது, கேள்வி கேட்கச் சரியான நேரம்தான், ஆனால் யாரிடமிருந்து, எதிலிருந்து என்று பாட்டு சொல்வதே இல்லை. எந்த ஊரில் யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பாடிக்கொள்ளலாம். ஸ்வான்சன் துறையின் வாசலைப் பாடியவர்கள் இப்படிப் பொத்தாம்பொதுவாக முஷ்டியை உயர்த்துவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. 2006-ன் ‘ஸ்டேட் ஆஃப் எமர்ஜென்சி’யில் நிக் லோனே திரும்பி வந்ததும் உயிர் வந்தது, நல்ல ஆல்பம், ‘லாங் லிவ் தி வீக்கெண்ட்’ போன்ற உழைப்பாளியின் வார இறுதிப் பாட்டெல்லாம் சரியான ரகம். ஆனாலும் அதன் புகழ்பெற்ற பாட்டான ‘வேக் அப்’ விழித்துக்கொள் என்று சொல்லிவிட்டு எதைப் பார்த்து விழிப்பது என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறது.

2008-ன் ‘ஒயிட் நாய்ஸ்’ எனக்கு ஒட்டவில்லை. கிட்டாரின் கனம் கூடி, ராக்கபில்லியின் துள்ளல் கிட்டத்தட்டக் காணாமல் போயிருக்கிறது. நல்ல ராக் ஆல்பம் என்பார்கள். நல்ல ராக் ஆல்பம் செய்ய ஆயிரம் பேண்ட் இருக்கிறது, இவர்கள் எதற்கு? 2011, 2016 ஆல்பங்களைத் தாண்டிப் போய்விடுகிறேன், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பாட்டு தேறும். 2018-ல் பெர்லினில் பதிவு செய்த ‘வுண்டர்பார்’ மட்டும் ஆச்சரியம். அதில் ‘நாட் லைக் தி அதர் பாய்ஸ்’ என்று, மற்றப் பையன்களைப் போல இல்லாத ஒரு பையனைப் பற்றிய பாட்டு. மறுபடியும் ஓர் ஆள், ஒரு முகம். ‘பிரிசனர் ஆஃப் சொசைட்டி’ எழுதிய அதே கை 20 வருஷம் கழித்து எழுதியது என்று தெரிந்து கேட்டால், அந்த முதல் பாட்டில் விடுபட்டுப்போன மனிதன் இதில் வந்து சேர்ந்துவிட்டான் என்று தோன்றும்.

மேடையைப் பற்றிச் சொல்லாவிட்டால் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். நேரில் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை, பதிவுகளைத்தான் பார்த்திருக்கிறேன். ஓவன் பாஸைச் சாய்த்து அதன் மேல் ஏறி நின்று வாசிப்பார், சில சமயம் செனியும் மேலே ஏறிவிடுவார், பாவம் அந்த மரப்பெட்டி. சர்க்கஸ்தான், ஆனால் ஒரு சுரமும் பிசகாத சர்க்கஸ். புதுப் பாட்டுகளை ரகசியமாக வாசித்துப் பார்ப்பதற்காக மெல்போர்ன் புறநகர்களின் பெயர்களை வைத்துக் கற்பனை பேண்ட் பெயர்களில் சின்ன பாரில் ஏறிய வழக்கமும் இவர்களுக்கு உண்டு. 2012-ல் ஒவ்வொரு இரவும் ஒரு ஆல்பத்தை முழுதாக வாசிக்கும் சுற்றுப்பயணம் ஒன்றும் போனார்கள். அதில் ‘ரோல் ஆன்’ இரவுக்கு டிக்கெட் வைத்திருந்தவர்கள் மேல் எனக்கு இன்னமும் பொறாமை.

யாருக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுத்தமான 50-களின் ராக்கபில்லி வேண்டும் என்பவர்களுக்கு இது அளவுக்கு மீறிய சத்தம். மூன்று சுரத்துக்கு மேல் வாசித்தாலே துரோகம் என்று நினைக்கும் பங்க் வைதீகர்களுக்குச் செனியின் விரல் வித்தை எரிச்சலூட்டும். வரிக்கு வரி ஆழம் தேடுகிறவர்களுக்கும் பல இடங்களில் ஏமாற்றம்தான், செனி கவிஞர் இல்லை, சில எதுகைகளைக் கேட்டால் நாமே திருத்திக் கொடுக்கலாம் போல இருக்கும்.

இதையெல்லாம் தாண்டிக் கேட்க நினைப்பவர்கள் தயவுசெய்து அந்தப் புகழ்பெற்ற பாட்டிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் ‘ஆல் டார்ன் டவுன்’. பிறகு ‘ரோல் ஆன்’ ஆல்பத்தைத் தலைப்புப் பாட்டிலிருந்து மாமா வரைக்கும் ஒரே மூச்சில். பிடித்திருந்தால் முதல் ஆல்பத்தின் மிச்சம், அப்புறம் ‘ஸ்டேட் ஆஃப் எமர்ஜென்சி’. ஒரு தடவை வரிகளுக்காகக் கேளுங்கள், இன்னொரு தடவை பாஸுக்காக மட்டும். போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், அதில் டக்-டக் கேட்கும், அடியில் ஓடும் சுரம் மொத்தமாகக் காணாமல் போய்விடும்.